வீட்டுக் கராஜில் பார்ட்ஸ் கழுவ எது சரி: மண்ணெண்ணெய்த் தொட்டியா, சுடுதண்ணீர்த் தொட்டியா?

நானுஓயா கொட்டகை:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே வேலை செய்கிறேன். மரக்கறித் தோட்டக்காரர்களின் மருந்தடிக்கிற மெஷின், லேண்ட்மாஸ்டர் கை ட்ராக்டர் எஞ்சின், அக்கம்பக்கத்து மோட்டர் சைக்கிள், இடையிடையே ஓட்டோ. இதுவரை ஒரு பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பிரஷால் தேய்த்துத்தான் கழுவுகிறேன். இனி முறையான பார்ட்ஸ் வாஷர் ஒன்று வைக்க வேண்டும்.

கொழும்பில் எடுக்கக்கூடிய 20 கலன் தொட்டி ஒன்று பார்த்தேன். மூடி, சின்னப் பம்ப், வளைகிற குழாய் எல்லாம் அதிலேயே இருக்கிறது. இல்லாவிட்டால் பீப்பாய் ஒன்றைப் பாதியாக வெட்டி நானே செய்யலாம். அதிர்வால் கழுவுகிற அல்ட்ராசொனிக் மெஷின் என்றும் ஒரு நண்பன் சொல்கிறான். எனக்கு உண்மையான குழப்பம், தொட்டிக்குள் எதை ஊற்றுவது என்பதில்தான். ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: கொட்டகையின் ஒரு பக்கச் சுவர் எங்கள் அடுப்படிச் சுவர். அம்மா விறகடுப்பில்தான் சமைக்கிறார்.

ஹட்டன் ஓட்டோ பாஸ்:
தம்பி, மண்ணெண்ணெய்தான். யோசிக்கவே வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தது. அந்த வருஷங்கள் முழுக்க ஆட்கள் இருந்த வண்டியையே ஓட்டித் தேய்த்தார்கள். இன்று கழற்றுகிற எஞ்சினுக்குள் எண்ணெய் தார் மாதிரி இறுகிக் கிடக்கிறது. எண்ணெயைக் கரைக்க எண்ணெய்தான் வேண்டும். ஓட்டோ கியர் பொக்ஸைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டால் காலையில் பிரஷ் பட்டதும் அழுக்குக் கழன்று வரும். சோப்புத் தண்ணீரில் அது நடக்காது. அதோடு கழுவின இரும்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தங்கும், துருப் பிடிக்காது. நம்ம ஊர்ப் பனிக்கு அது பெரிய விஷயம்.

பதுளை டீச்சர்:
பாஸ் அண்ணே, கரைக்கிற சக்தியைப் பற்றி நான் வாதாட வரவில்லை. ஆனால் கேட்டவரின் கடைசி இரண்டு வரியைத் திரும்ப வாசியுங்கள். அடுப்படிச் சுவர், விறகடுப்பு. நானுஓயாக் குளிரில் மாலை ஆனதும் கொட்டகைக் கதவைச் சாத்திவிடுவார். அப்படி மூடிய இடத்தில் திறந்த மண்ணெண்ணெய்த் தொட்டி வைக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. சுடுதண்ணீரும் அதற்கேற்ற கழுவு திரவமும்தான் அந்த வீட்டுக்குச் சரி.

ஹட்டன் ஓட்டோ பாஸ்:
டீச்சர், நீங்கள் கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறவர், நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பெற்றோல்தான் எந்தக் குளிரிலும் தீப்பற்றும் ஆவி விடும். மண்ணெண்ணெய் 38 டிகிரிக்குக் கீழே அப்படி ஆவி விடாது. நானுஓயாவில் பகலிலேயே 20 டிகிரி தாண்டுவது பெரிய பாடு. பெற்றோலில் கழுவுகிறவனை நானே கராஜை விட்டு விரட்டுவேன். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பதுளை டீச்சர்:
அந்த 38 டிகிரிக் கணக்கு சரி. பெற்றோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி அளவில். ஆனால் மண்ணெண்ணெய்க் கணக்கு, சுத்தமான திரவம் அசையாமல் தொட்டியில் கிடக்கும்போதுதான் பொருந்தும். கராஜில் மூன்று விதமாக அது உடைகிறது.

முதலாவது, மருந்தடிக்கிற மெஷினின் கார்பரேட்டரைக் கழற்றி அப்படியே தொட்டியில் போடுகிறீர்கள். அதற்குள் மிச்சமிருக்கும் பெற்றோல் மண்ணெண்ணெயில் கலக்கிறது. கொஞ்சம் பெற்றோல் போதும், அந்த 38 கீழே இறங்கிவிடும். ஒரு மாதம் பாவித்த தொட்டியில் இருப்பது பெற்றோல் ஷெட்டில் வாங்கின சுத்தமான மண்ணெண்ணெய் இல்லை. இரண்டாவது, துணியில் ஊறினாலோ கம்ப்ரஸரால் ஊதிப் புகை மாதிரிப் பறந்தாலோ, குளிரான மண்ணெண்ணெயும் பற்றும். குப்பி விளக்குத் திரி நுவரெலியாவிலும் எரிகிறதே. மூன்றாவது, ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள அடுப்பைத் தேடிப் பிடிக்கும்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு அறையில் பிடித்த தீ வரிசை முழுக்கப் பரவுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இதில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தலவாக்கலை பிட்டர்:
தேயிலை பெக்டரியில் பிட்டராக இருக்கிறேன். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். ரோலர் பக்கம் மண்ணெண்ணெய் மணத்தால் தயாரான தூள் கெடும். அதனால் ரோலர், உலர்த்தி, சல்லடை பக்கத்தில் அதைத் திறக்கவே விடமாட்டோம். கழற்றின சாமான்களைச் சுடுதண்ணீரில்தான் கழுவுகிறோம். பாஸ் அண்ணன் ‘நடக்காது’ என்று சொல்வது பச்சைத் தண்ணீருக்குச் சரி. 50, 55 டிகிரியில் நல்ல டிகிரீசர், அதாவது கிரீஸ் நீக்குகிற திரவம், போட்டுப் பாருங்கள், கிரீஸ் இளகி மேலே மிதந்து வரும். முழு விஷயமும் சூட்டில்தான் இருக்கிறது.

ஹட்டன் ஓட்டோ பாஸ்:
பெக்டரியில் ஸ்டீம் இருக்கும், பொயிலர் இருக்கும். இந்தத் தம்பியின் கொட்டகையில் என்ன இருக்கிறது? கரண்ட் பில்லை யார் கட்டுவது?

தலவாக்கலை பிட்டர்:
கணக்குப் போட்டுப் பார்க்கலாம் அண்ணே. 40 லீற்றர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 50க்குக் கொண்டுபோக ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல் கரண்ட் போகும். 1000 வொட் சூடாக்கும் கொயில் போட்டால் ஒன்றே முக்கால் மணி நேரம் வரை. வீணாகும் சூட்டையும் சேர்த்து இரண்டு யூனிட் என்று வையுங்கள். தொட்டியைச் சுற்றி சூடு போகாமல் தடுக்கும் ரிஜிபோம் அட்டை ஒட்டி மூடி போட்டால் வேலை முடியும்வரை சூடு நிற்கும். 20 கலன் என்றால் 75 லீற்றர், அதற்கு இருமடங்கு போகும். அதனால்தான் சொல்கிறேன், வீட்டுக்கு அந்தப் பெரிய தொட்டி வேண்டாம். லேண்ட்மாஸ்டர் சிலிண்டர் ஹெட் முங்குகிற அளவு போதும்.

மண்ணெண்ணெய் மலிவு என்பதும் பழைய கதை. 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தடவையில் 340க்கு ஏறியது. விளக்குக்கும் அடுப்புக்கும் அதையே நம்பியிருந்த தோட்டத்துச் சனத்துக்கு அந்த அடி எப்படி விழுந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் கட்டாயம்: கொயிலுக்கு முறையான எர்த் வேண்டும், கரண்ட் கசிந்தால் உடனே வெட்டுகிற 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேண்டும். தொட்டி இரும்பு, கை ஈரம், கால் சிமெந்துத் தரையில். எர்த் இல்லாத பிளக்கில் அந்தக் கொயிலை மாட்டுவதென்றால், மண்ணெண்ணெயே பரவாயில்லை என்று நானும் சொல்வேன்.

பண்டாரவளை லேத்:
இரண்டு பக்கமும் சரியாகத்தான் பேசுகிறீர்கள், ஆனால் கழுவுகிற சாமானைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெயாரிங்கைத் தண்ணீரில் போடாதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியே வராது, குண்டில் புள்ளி புள்ளியாகத் துரு விழும். பண்டாரவளையிலேயே மழைக் காலத்தில் லேத் பெட்டில் எண்ணெய் பூசாமல் விட்டால் விடியும்போது சிவந்து கிடக்கும், நானுஓயாவைச் சொல்ல வேண்டுமா? பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, வடியவிட்டு, உடனே கிரீஸ் போடுங்கள். கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுற்றவிடுவதைத் தயவு செய்து நிறுத்துங்கள். எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் பெயாரிங் சிதறிக் குண்டு முகத்துக்கு வரும்.

பிரேக் சிலிண்டர், அதன் ரப்பர் கப், இவற்றுக்கு மண்ணெண்ணெய் ஆகவே ஆகாது. பிரேக் எண்ணெய்க்கென்று செய்த ரப்பர் மண்ணெண்ணெய் பட்டால் ஊதிவிடும். ஊதின ரப்பரோடு ஓட்டோ ரம்பொடை இறக்கத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அதைப் புதுப் பிரேக் எண்ணெயாலோ மெதிலேட்டட் ஸ்பிரிட்டாலோ கழுவுங்கள்.

கார்பரேட்டர் ஜெட்டுக்குத்தான் அல்ட்ராசொனிக். 40 கிலோஹேர்ட்ஸ் அதிர்வில் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உண்டாகி நொறுங்கும். பிரஷ் போகாத ஓட்டைக்குள்ளும் அது வேலை செய்யும். இரண்டு, மூன்று லீற்றர் மெஷின் போதும். எஞ்சின் கவர் கழுவ அதை வாங்காதீர்கள். பெற்றோலையோ மண்ணெண்ணெயையோ அதற்குள் நேரடியாக ஊற்றவும் கூடாது. அது சூடாகிற மெஷின், உள்ளே மின்சாரம்.

நானுஓயா கொட்டகை:
எல்லாருக்கும் நன்றி. லேத் அண்ணே, பெயாரிங் விஷயம் மனதில் பதிந்தது. இரண்டு கேள்வி. ஹார்ட்வெயாரில் கிடைக்கிற காஸ்டிக் சோடாவைச் சுடுதண்ணீரில் போட்டால் மலிவாக முடியுமே, அது சரியா? மற்றது, பம்ப் உள்ள அந்தத் தொட்டியை வாங்கி, முதலில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு தண்ணீருக்கு மாறலாமா?

பதுளை டீச்சர்:
காஸ்டிக் சோடா வேண்டாம் தம்பி. உங்களிடம் வருகிற சிலிண்டர் ஹெட், கார்பரேட்டர், கியர் பொக்ஸ் கவர் பெரும்பாலும் அலுமினியம். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும். கறுத்து, பொரிந்து, கேஸ்கட் உட்காரும் முகமே கெட்டுப்போகும். அப்போது வெளிவருகிற வாயு ஹைட்ரஜன், அதுவும் தீப்பிடிக்கக்கூடியது. கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போகலாம். வாங்குகிற டிகிரீசர் கேனில் ‘அலுமினியத்துக்கு ஏற்றது’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் சொன்ன அளவுக்கு மேல் கலக்க வேண்டாம்.

பிரேக் கிளீனர் ஸ்ப்ரே பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வெல்டிங்கும் செய்வீர்கள் போலத் தெரிகிறது. சில ஸ்ப்ரேயில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். அது பட்ட இரும்பில், காய்வதற்குள் வெல்டிங் வைத்தால் பொஸ்ஜீன் என்கிற நச்சு வாயு உண்டாகலாம். மிகக் கொடியது அது.

ஹட்டன் ஓட்டோ பாஸ்:
பம்ப் கேள்விக்கு நான் சொல்கிறேன். அந்த மலிவுத் தொட்டிகளில் பல, தண்ணீரில் கலக்கும் திரவத்துக்கு மட்டும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். பம்ப் மோட்டர் தொட்டிக்குள் முங்கியே ஓடும், அது எண்ணெய்க்குச் செய்த மோட்டர் இல்லை. மண்ணெண்ணெய்க்கு அதை வாங்காதே. பிளக்கையும் பார், வெளிநாட்டிலிருந்து 110 வோல்ட் மெஷின் எடுத்துவிட்டு நம்ம 230இல் மாட்டி எரித்தவர்கள் இருக்கிறார்கள்.

மண்ணெண்ணெய்க்கு நல்ல தொட்டி என்றால் மூடியில் லேசில் உருகுகிற கலப்புலோக இணைப்பு ஒன்று இருக்கும். தீப்பிடித்தால் 74 டிகிரி அளவில் அது உருகி மூடி தானாக விழுந்து காற்றை அடைக்கும். அது இல்லாத தொட்டியை நானும் சிபாரிசு செய்யமாட்டேன். பம்ப் இல்லாமல் என் முறை இது: ஆழமான தட்டு, அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஓட்டை போட்ட தகடு. சாமான் தகட்டின் மேல் இருக்கும், அழுக்கு கீழே இறங்கிப் படியும். மேலே தெளிந்ததை வடித்துத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். விலை ஏறியதும் உண்மைதான், ஆனால் நான் ஒரு கேனை எவ்வளவு காலம் ஓட்டுகிறேன் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டீச்சர் சொன்ன பெற்றோல் கலப்பை ஒத்துக்கொள்கிறேன். கார்பரேட்டரை முதலில் வடித்துக் காயவிட்டுத்தான் தொட்டியில் போட வேண்டும். ஆனால் கதவு திறந்த கொட்டகையில், கவனமுள்ளவன் கையில், மண்ணெண்ணெயை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பதில் நான் மாறவில்லை.

கந்தப்பளை தோட்டம்:
நான் மெக்கானிக் இல்லை, மரக்கறி போடுகிறவன். என் மருந்தடிக்கிற மெஷினும் இப்படியான கொட்டகைகளுக்குத்தான் போகிறது. இவ்வளவு பேசினீர்கள், கழுவின தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தம்பி, உங்கள் கொட்டகைக்குக் கீழே ஓடுகிற நானு ஓயா, கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. ஹட்டன் அண்ணன் பக்கத்தில் டிக்கோயாவில் விழுவது காசல்ரீ நீர்த்தேக்கம் வழியாகக் களனி கங்கைக்குப் போய்க் கொழும்பு குடிக்கிற தண்ணீரில் சேருகிறது. அங்கே போய்ச் சேருமுன் அந்த ஓடையிலேயே பீலி போட்டுத் தண்ணீர் எடுக்கிற லயங்கள் இருக்கின்றன, நாங்கள் லீக்ஸுக்கும் கரட்டுக்கும் இறைக்கிறோம். மலை உச்சியில் இருக்கிறவன் ஊற்றுகிற எதுவும் கீழே ஒருவனின் கிணற்றில் வந்து நிற்கும். கழிவுநீர்க் கானில் ஊற்றுகிறவருக்கு எந்த வாஷர் நல்லது என்ற பேச்சே வேண்டாம்.

பதுளை டீச்சர்:
அதனால்தான் அண்ணே தண்ணீர் முறையைச் சொல்கிறேன். அந்த டிகிரீசர்களில் பல மண்ணில் சிதைந்துவிடக்கூடியவை.

கந்தப்பளை தோட்டம்:
கேனில் இருக்கும்போது சரி டீச்சர். எஞ்சினைக் கழுவின பிறகு? அதற்குள் பழைய எண்ணெய், தேய்ந்த உலோகத் தூள் எல்லாம் இருக்குமே. அது சிதையுமா?

பதுளை டீச்சர்:
சிதையாது. நீங்கள் கேட்டது நியாயம்தான். கழுவின பிறகு அது எண்ணெய்க் கழிவு, கேனில் என்ன எழுதியிருந்தாலும் கானில் விடக்கூடாது.

ஹட்டன் ஓட்டோ பாஸ்:
இந்த இடத்தில் என் பக்கத்தையும் கேளுங்கள். படிய வைத்து வடித்த மண்ணெண்ணெய் திரும்ப வேலைக்கு வருகிறது. சோப்போடு கலந்து பால் மாதிரியான தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரிப்பது லேசு இல்லை. அப்படியென்றால் எது அதிகக் கழிவு?

தலவாக்கலை பிட்டர்:
டிகிரீசரைப் பொறுத்தது அண்ணே. சிலது எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சிலது விட்டுவிடும். விடுகிற வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். ராத்திரி ஆறவிட்டால் காலையில் எண்ணெய் மேலே ஆடையாக நிற்கும், அதை அள்ளிப் பழைய எஞ்சின் எண்ணெய்க் கேனில் சேர்க்கலாம். மிச்சத் தண்ணீரை இன்னும் பல தடவை சூடாக்கிப் பாவிக்கலாம். கடைசியில் அடியில் தங்கும் சேற்றை மூடியுள்ள வாளியில் காயவிட வேண்டும். பழைய எண்ணெய் எடுக்க வருகிறவரிடம், பெற்றோலோ தண்ணீரோ கலந்திருந்தால் கலந்திருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். சிலர் விறகடுப்பில் ஊற்றுகிறார்கள், அந்தப் புகையைக் குழந்தைகள் சுவாசிக்க வேண்டுமா?

பண்டாரவளை லேத்:
கையுறை பற்றி ஒரு வார்த்தை. பால் ரப்பர் கையுறை மண்ணெண்ணெயில் ஊதிக் கிழியும். நைட்ரைல் வாங்குங்கள். வெறும் கையால் கழுவிக் கழுவித் தோல் வெடித்து, பெருவிரல் மடக்க முடியாமல் இருக்கிற பாஸ்மாரை எனக்குத் தெரியும். பழைய எஞ்சின் எண்ணெய் தோலில் வருஷக்கணக்கில் ஊறுவது புற்றுநோய் வரைக்கும் போகக்கூடியது.

நானுஓயா கொட்டகை:
இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். 40 லீற்றர் துருப்பிடிக்காத தொட்டி, ரிஜிபோம், மூடி, 1000 வொட் கொயில். அதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து எர்த்தும் ட்ரிப் சுவிட்சும். எஞ்சின் கவர், ஹெட், சிலிண்டர் எல்லாம் அதில். பெயாரிங்குக்கு மட்டும் பாஸ் அண்ணன் சொன்ன தகடு வைத்த சின்னத் தட்டில் மண்ணெண்ணெய், அதுவும் கொட்டகைக்கு வெளியே, அடுப்படிக்கு மறுபக்கம், வேலை முடிந்ததும் மூடி. அல்ட்ராசொனிக் பணம் சேர்ந்த பிறகு. பீப்பாய் வெட்டும் யோசனையை விட்டுவிட்டேன்.

ஹட்டன் ஓட்டோ பாஸ்:
பீப்பாயை விட்டது நல்லது. முன்பு எண்ணெய் இருந்த பீப்பாயில் டோர்ச் வைத்தால் வெடிக்கும். மற்றபடி, ஒரு கியர் பொக்ஸ் வரட்டும், அதைச் சுடுதண்ணீரில் கழுவிவிட்டு வந்து எழுது. உள்ளே இறுகினது போகாமல் நீ தட்டைத்தான் தேடுவாய் என்பது என் கட்சி.

பதுளை டீச்சர்:
தேடினால் வெளியே வைத்தே தேடட்டும் அண்ணே. தம்பி, காயவைப்பதை நீங்கள் எழுதவில்லை. சுடுதண்ணீரிலிருந்து எடுத்ததும் சாமான் சூடாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் அலசி, ஊதிக் காயவைத்து, இரும்புப் பாகத்துக்கெல்லாம் எண்ணெய் தடவிவிடுங்கள். ஆறவிட்டால் அந்தப் பனியில் அரை மணி நேரத்தில் துரு எட்டிப்பார்க்கும்.

பண்டாரவளை லேத்:
தொட்டிக்கு டெப் வைக்கும்போது அடியோடு வைக்காதீர்கள், இரண்டு அங்குலம் மேலே வையுங்கள். சேறு அடியில் தங்கும், தெளிந்தது மட்டும் வடியும். சேற்றை எடுக்க அடியில் தனியாக ஒரு பிளக். கொயிலும் சேற்றுக்கு மேலே இருக்க வேண்டும், சேற்றில் புதைந்த கொயில் சூடு போக வழியில்லாமல் எரிந்துவிடும்.

கந்தப்பளை தோட்டம்:
அலசுகிற தண்ணீருக்கும் ஒரு வாளி வையுங்கள். அது நிரம்பினால் அடுத்த தடவை தொட்டிக்குள்ளேயே ஊற்றலாம், சூட்டில் வற்றுகிற தண்ணீரை எப்படியும் நிரப்பத்தானே வேண்டும்.

நானுஓயா கொட்டகை:
அது நல்ல வழி அண்ணே, அப்படியே செய்கிறேன். வருகிற சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார். பிட்டர் அண்ணே, 50 டிகிரியில் நிறுத்துகிற தேர்மோஸ்டட் பழைய கீசரிலிருந்து எடுத்தால் சரியாகுமா, புதிதாக வாங்க வேண்டுமா?

தலவாக்கலை பிட்டர்:
கீசருடையது சிலதில் 50க்கு மேல்தான் தொடங்கும், திருகிப் பார்த்தால் தெரியும். வயர் முனை கருகியிருந்தால் எடுக்காதீர்கள், புதிதே வாங்குங்கள். போட்ட பிறகு டயலில் உள்ள எண்ணை நம்பாமல் தொட்டிக்குள் தேர்மோமீட்டர் விட்டு ஒரு தடவை பாருங்கள்.